ஒளிச்சேர்க்கையில் ஆக்சிஜன் கணக்கு உதைக்கிறது, யாராவது விளக்குங்களேன்

மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போய் நானே மாட்டிக்கொண்டேன். பச்சையம் ஒளியை வாங்குகிறது, நீர் பிளக்கிறது, ஆற்றலைச் சுமக்கும் மூலக்கூறுகளான ஏடிபியும் என்ஏடிபிஎச்சும் உருவாகின்றன, அவற்றை வைத்துக் கால்வின் சுழற்சி என்ற வேதிவினைத் தொடர் கார்பன் டை ஆக்சைடிலிருந்து சர்க்கரை செய்கிறது. சரி, இதுவரை தகராறில்லை.

வெளியேறும் ஆக்சிஜன் முழுக்க நீரிலிருந்துதான் என்கிறார்கள். ஆனால் சமன்பாட்டில் (6 கார்பன் டை ஆக்சைடு + 6 நீர் → 1 சர்க்கரை + 6 ஆக்சிஜன்) இருப்பது 6 நீர் மூலக்கூறு, அதாவது 6 ஆக்சிஜன் அணு. வெளியே வருவதோ 6 மூலக்கூறு, 12 அணு! “மீதி 6 எங்கப்பா?” என்று பென்சிலால் வட்டம் போட்டுவிட்டு முறைக்கிறாள்.

இடப்பக்கம் 12 நீர், வலப்பக்கம் 6 நீர் என்று எழுதினால் கணக்கு நேராகிறது. அப்புறம்தான் சிக்கலே: அந்தப் புது நீர் எந்தக் கட்டத்தில் உருவாகிறது? கார்பன் டை ஆக்சைடின் ஆக்சிஜன் அதற்குள்தான் போகிறதா? தெரிந்தவர்கள் ஒரு படம் போட்டுக் காட்டினால் புண்ணியமாகப் போகும்.