கணினி உதவி மன்றங்களில் வம்பர்களும் மட்டுறுத்துநர்களும்: உங்களுக்கு நேர்ந்ததைப் பகிருங்கள்

கருந்திரை

நான் சொல்லப்போகும் உரையாடல் இழையை நீக்கிவிட்டார்கள் என்பதால் சான்று காட்ட வழியில்லை. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. லினக்ஸ் உதவி மன்றம் ஒன்றில், வட்டு நிரம்பிவிட்டது, இடம் எப்படி ஏற்படுத்துவது என்று கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். அவருக்கு முதலில் வந்த பதில், பயனரின் சொந்தக் கோப்புகள் எல்லாம் இருக்கும் ஹோம் அடைவை முழுவதுமாக, எந்தக் கேள்வியும் கேட்காமல் அழித்துவிடும் ஆர்எம் கட்டளை. அதற்கு மேலே, ‘இது தற்காலிகக் கோப்புகளை மட்டுமே நீக்கும், பயப்பட வேண்டாம்’ என்று பொறுப்பான மனிதரைப் போல ஒரு வரியும் இருந்தது.

நான் எச்சரிக்கையை எழுதி அனுப்பிய அதே நேரத்தில் மாணவரின் அடுத்த பதிவு வந்து விழுந்தது: ‘மிக்க நன்றி ஐயா, இப்போது நிறைய இடம் கிடைத்திருக்கிறது. என்னுடைய ப்ராஜெக்ட் ஃபோல்டரை மட்டும் காணவில்லை, அது எங்கே போயிருக்கும்?’ வம்பர் ஒரு சிரிப்பு முகத்தைப் பதிலாக இட்டார்.

சிறிது நேரத்தில் மட்டுறுத்துநர் வந்தார். வம்பரைத் தடை செய்தார். அத்துடன் இழை முழுவதையும் நீக்கிவிட்டார். மடிக்கணினியை உடனே அணைத்துவிடுங்கள், அந்த வட்டில் இனி எதையும் எழுதாதீர்கள், வேறொரு யுஎஸ்பியிலிருந்து துவக்கி ஃபோட்டோரெக் மென்பொருளைக் கொண்டு மீட்டுப் பாருங்கள் என்று நான் விளக்கமாக எழுதிய பதிலும் அதோடு போய்விட்டது. எஸ்எஸ்டி வட்டாக இருந்து, அழித்த இடங்களைத் துடைத்துவிடும் அந்த வாரத்து ட்ரிம் வேலையும் ஓடிவிட்டிருந்தால் மீட்பதற்குப் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சியிருக்காது. இழை நீக்கப்படுவதற்குள் அந்தப் பதிலை அவர் படித்தாரா என்பதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது. வம்பரைத் தண்டிக்கும் அவசரத்தில், அடிபட்டவருக்குப் போய்ச் சேர வேண்டிய மருந்தையும் சேர்த்துக் குப்பையில் போடுவது என்ன நிர்வாகம்?

திண்ணைக்காவலர்

கருந்திரை அவர்களின் ஆதங்கம் புரிகிறது. ஆனால் மட்டுறுத்துநராகப் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் இதற்கு மறுப்பைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. அழிவுக் கட்டளை இருக்கும் பக்கத்தைத் தேடுபொறிகள் சில மணி நேரத்திற்குள் எடுத்துக்கொள்ளக்கூடும், ‘வட்டு நிரம்பிவிட்டது’ என்று தேடி வருகிறவர் முதல் பதிலைத்தான் நகலெடுப்பார், ஆறாவது பதிலில் இருக்கும் எச்சரிக்கை வரை பொறுமையாகப் படித்துக்கொண்டிருக்க மாட்டார். கட்டளையை மட்டும் நீக்கினால் போதாதா என்று கேட்கலாம். மேற்கோள் காட்டி ‘இதைச் செய்யாதீர்கள்’ என்று எழுதிய நல்லவர்களின் பதிவுகளிலும் அதே கட்டளை முழுமையாக இருக்கும். ஒவ்வொன்றாகத் திருத்துவதற்கு அந்த நேரத்தில் ஊதியமில்லாமல் விழித்திருப்பவர் ஒருவரே. மாணவருக்குத் தனிமடல் அனுப்பியிருக்கலாம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

எனக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் மன்றத்தில் இரண்டு உறுப்பினர்கள் எந்த லினக்ஸ் வழங்கல் (லினக்ஸின் தொகுப்பு வடிவம்) சிறந்தது என்று மாதக்கணக்கில் ஓயாமல் சண்டையிட்டார்கள். ஒருவர் டெபியனைப் பழிப்பார், மற்றவர் ஆர்ச்சைப் பழிப்பார், அவர்களுக்கு இடையில் சமாதானம் பேச வந்தவர்கள் இருவரிடமும் வசவு வாங்கிக்கொண்டு மன்றத்தை விட்டே போனார்கள். ஒருநாள் டெபியன்காரரின் கணக்கிலிருந்து ஒரு பதிவு வந்தது: ‘நான் ஆர்ச்சைப் பத்தாண்டுகளாகப் பயன்படுத்துகிறேன், டெபியன் பற்றி உமக்கு என்ன தெரியும்?’ கணக்கை மாற்ற மறந்துவிட்டார். இரண்டு பேரும் ஒரே ஆள். பதிவைத் திருத்தும் பொத்தானை அவர் அழுத்துவதற்குள் நான் திரைப்பிடிப்பு எடுத்துவிட்டேன்; என் மட்டுறுத்தல் வாழ்க்கையில் நான் மனம்விட்டுச் சிரித்த நாள் அது.

ஐபி முகவரியைப் பார்த்து முன்பே பிடித்திருக்கலாமே என்று யாரேனும் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: நம் ஊர்க் கைப்பேசி இணையத்தில் ஒரே ஐபியைப் பல சந்தாதாரர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். அதற்கு முன்னர் ஒரு வம்பரை ஐபி வழியே தடுத்தபோது கல்லூரி விடுதி ஒன்றின் மாணவர்கள் அத்தனை பேரும் உள்ளே வர முடியாமல் தவித்தார்கள். அதன் பிறகு அந்த ஆயுதத்தை நான் தொடவேயில்லை.

கோவை_கயல்

என் கதை சிறியது. புதிதாக லினக்ஸ் நிறுவிய மடிக்கணினியில் பிராட்காம் நிறுவனத்தின் வைஃபை சில்லு வேலை செய்யவில்லை என்று கேட்டிருந்தேன். பெயரை வைத்துப் பெண் என்று தெரிந்துகொண்ட ஒருவர், மடிக்கணினியின் படத்தோடு என் படத்தையும் போட்டால் உதவுவதாக எழுதினார். இன்னும் இருவர் அதை விரும்பி விருப்பக்குறி இட்டார்கள். ‘கேள்விக்குப் பதில் தெரிந்தால் சொல்லுங்கள், தெரியாவிட்டால் வழிவிடுங்கள்’ என்று நான் எழுதினேன்; அதில் ஒரு வசைச்சொல்கூடக் கிடையாது.

மட்டுறுத்துநர் வந்து இழையைப் பூட்டினார். பூட்டியதற்கான காரணமாக அவர் எழுதிய வரி எனக்கு இன்னும் மனப்பாடமாக இருக்கிறது: ‘இரு தரப்பினரும் எல்லை மீறியதால் இந்த இழை பூட்டப்படுகிறது.’ இரு தரப்பு! படம் கேட்டவரும் வழிவிடச் சொன்னவரும் அவருடைய தராசில் ஒரே எடை. கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. கைப்பேசியை யுஎஸ்பி கம்பியில் இணைத்து அதன் இணையத்தைக் கொண்டு டிரைவரை இறக்க வேண்டும் என்பதைப் பிறகு என் அலுவலகத்து அக்கா ஒருவர்தான் இரண்டு நிமிடங்களில் சொல்லிக்கொடுத்தார்.

திண்ணைக்காவலர் ஐயா, நீங்கள் ஊதியமில்லாமல் விழித்திருப்பது உண்மைதான். ஆனால் பொதுவில் நியாயம் பேசினால் யார் மனமும் புண்படாது என்ற எண்ணத்தில் எழுதப்படும் இந்த ‘இரு தரப்பு’ அறிவிப்புகளால், வம்பு செய்தவர் அடுத்த இழைக்குச் செல்கிறார், வம்புக்கு ஆளானவர் மன்றத்தை விட்டே செல்கிறார்.

நாகை_நெறியாளர்

என்னை ஒருவர் ‘கையேட்டைப் படித்துவிட்டு வா’ என்று விரட்டினார். அவ்வளவுதான் என் அனுபவம், பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் இங்கே எழுதியிருப்பவர்களுக்குச் சில ஆலோசனைகளைச் சொல்வது என் கடமை என்று நினைக்கிறேன்.

முதலாவதாக, கருந்திரை குறிப்பிட்ட வகைக் கட்டளையைப் பற்றி. வட்டின் வேர் அடைவையே, அதாவது எல்லா அடைவுகளுக்கும் மேலே இருப்பதையே, அழிக்கும் பழைய வடிவம் இப்போது பொதுவாகப் பலிக்காது. லினக்ஸின் அடிப்படைக் கட்டளைகள் அடங்கிய குனு கோர்யூட்டில்ஸ் தொகுப்பின் ஆர்எம், 2006-ஆம் ஆண்டிலிருந்து வேர் அடைவை அழிக்க இயல்பாகவே மறுக்கிறது. அதனால்தான் வம்பர்கள் ஹோம் அடைவுக்கும், வேரை அடுத்து நட்சத்திரக் குறி இடும் வடிவத்துக்கும் மாறிவிட்டார்கள். நட்சத்திரத்தை விரித்து ஒவ்வோர் அடைவின் பெயராக, கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் முன்கூட்டியே கொடுத்துவிடுவதால் அந்தப் பாதுகாப்பு அங்கே விழித்துக்கொள்வதில்லை. ஆகவே அறிமுகமில்லாதவர் தரும் எந்தக் கட்டளையையும் முதலில் எழுத்துத் திருத்தியில் ஒட்டி, ஒவ்வொரு பகுதியும் என்ன செய்யும் என்று கையேட்டில் பார்த்த பிறகே முனையத்தில் இட வேண்டும். டைம்ஷிஃப்ட் என்ற காப்புநகல் மென்பொருளைப் போட்டுவிட்டேன், இனிக் கவலையில்லை என்று இருந்துவிடாதீர்கள். அது இயல்பாக ஹோம் அடைவைச் சேமிப்பதில்லை, இயங்குதளத்தை மட்டுமே காக்கிறது.

இரண்டாவதாக, மட்டுறுத்தலை ஒருவர் தலையில் கட்டுவதே தவறு. 1997-இல் தொடங்கிய ஸ்லாஷ்டாட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம் இதற்கு அக்காலத்திலேயே ஒரு வழி கண்டது. நன்னடத்தை உள்ள உறுப்பினர்களில் சிலரைக் கணினியே தேர்ந்து, சில நாள்களில் காலாவதியாகும் ஐந்து புள்ளிகளை அவர்களுக்கு வழங்கும். அவற்றைக் கொண்டு கருத்துகளை உயர்த்தலாம் அல்லது தாழ்த்தலாம். மதிப்பெண் மைனஸ் ஒன்றிலிருந்து ஐந்து வரை ஓடும். எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே உள்ளவற்றைப் பார்க்க வேண்டாம் என்பதை வாசகரே முடிவு செய்துகொள்ளலாம். எதுவும் அழிக்கப்படாமல் வம்பு மட்டும் பார்வையிலிருந்து தாழ்ந்துபோகும். நீங்கள் கருத்து எழுதிய விவாதத்தில் நீங்களே மதிப்பெண் இட முடியாது என்ற விதியும், மதிப்பெண் இட்டவர்கள் நியாயமாக நடந்தார்களா என்று பிறர் சரிபார்க்கும் மேல்மட்டுறுத்தலும் அங்கே இருந்தன. நம் மன்றங்களும் இதைப் பின்பற்றலாம்.

மூன்றாவதாக, கயல் போன்றவர்கள் பாலினம் தெரியாத பயனர்பெயரை வைத்துக்கொள்வது நலம்.

கோவை_கயல்

நெறியாளர் அவர்களே, நான் ஆலோசனை கேட்கவில்லை. என் பெயரை மாற்றிக்கொள்ளச் சொல்வதற்கு முன், படம் கேட்டவரிடம் ஒரு வார்த்தையாவது சொல்லத் தோன்றியதா? உங்கள் ஸ்லாஷ்டாட் முறைப்படி பார்த்தாலும், அந்தப் பதிவுக்கு இரண்டு பேர் விருப்பக்குறி இட்டிருந்தார்கள். மதிப்பெண்ணில் என் பதில்தான் கீழே போயிருக்கும்.

பொட்டலக்கட்டுநர்

இதுவரை பேசியவர்கள் எல்லோரும் பிடிபடும் வம்பர்களைப் பற்றியே எழுதுகிறீர்கள். எந்த விதியையும் மீறாமல் மனிதரை அரித்துத் தின்பவர்களை என்ன செய்வது?

நான் சிறிய திறமூல நிரல்தொகுப்பு ஒன்றைப் பராமரிக்கிறேன். வேலை முடித்து இரவில்தான் அதைத் திறப்பேன். ஒருவர் வந்து, ‘இந்தத் திட்டம் இறந்துவிட்டதா?’ என்று கேட்டார். நான் பதில் எழுதினேன். அடுத்த வாரம் இன்னொருவர் வந்து, ‘உங்களுக்கு ஆர்வமில்லை என்றால் நேரம் உள்ளவர்களிடம் ஒப்படைப்பதுதானே பண்பு?’ என்றார். ஒரு வசை கிடையாது, ஒருமையில் விளிப்பது கிடையாது. அதற்குப் பிறகு மூன்றாவதாக ஒருவர் மிகவும் அன்பாக எழுதினார்: ‘நீங்கள் களைத்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. வெளியீட்டு உரிமையை என்னிடம் கொடுத்தால் சுமையைப் பகிர்ந்துகொள்கிறேன்.’ அவருடைய கணக்கைத் திறந்து பார்த்தேன். என் திட்டத்தைத் தவிர வேறு எங்குமே அவர் ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை. தளத்தின் மட்டுறுத்துநர்களிடம் முறையிட்டேன். விதிமீறல் ஏதுமில்லை என்று பதில் வந்தது, அவர்களைப் பொறுத்தவரை அது சரியான பதிலும்கூட.

நான் மிகையாகப் பயப்படுவதாக நினைப்பவர்கள் எக்ஸ்இசட் விவகாரத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஏறக்குறைய எல்லா லினக்ஸ் கணினிகளிலும் இருக்கும், கோப்புகளைச் சுருக்கும் அந்த நிரலை லாஸே கொலின் என்பவர் பெரும்பாலும் தனியாளாகப் பராமரித்துவந்தார். 2022-இல் அஞ்சல் குழுவில் சிலர் வந்து, வேலை மெதுவாக நடக்கிறது, வேறு பராமரிப்பாளர் வேண்டும் என்று திரும்பத் திரும்ப நச்சரித்தார்கள். இது ஊதியமில்லாத பொழுதுபோக்குத் திட்டம் என்று அவர் அவர்களுக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது. அந்தப் பெயர்களுக்கு இணையத்தில் வேறு தடமே இல்லை என்பது பின்னால்தான் கவனிக்கப்பட்டது. நச்சரிப்பு நடந்த காலத்திலேயே பொறுமையாகத் திருத்தங்கள் அனுப்பி நம்பிக்கை பெற்ற ஜியா டான் என்ற பெயருக்குரியவர் இணைப் பராமரிப்பாளரானார். 2024-இல் வெளியான 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு, அதாவது அந்நியர் திருட்டுத்தனமாக நுழைவதற்கான வழி, வைக்கப்பட்டிருந்தது. எஸ்எஸ்எச் வழியே தொலைவிலுள்ள கணினிக்குள் உள்நுழைவது ஏறத்தாழ அரை நொடி தாமதமாவது ஏன் என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட் என்ற பொறியாளர் தோண்டிப் பார்க்காமல் இருந்திருந்தால், அது அடுத்தடுத்த நிலையான வழங்கல்களுக்குள்ளும் போயிருக்கும். அந்த ஆண்டு மார்ச் 29 அன்று அவர் அதை வெளிப்படுத்தினார். அந்த அஞ்சல்களை இன்று எடுத்துப் படித்தாலும், கண்டிப்பான மட்டுறுத்துநர் ஒருவர்கூட அவற்றில் தடைக்குரிய வரி என்று எதையும் காட்டிவிட முடியாது. எனக்கு வந்தவர்கள் பொறுமையற்ற சாதாரணப் பயனர்களாகவே இருக்கலாம். இருந்தாலும் உரிமையை நான் கொடுக்கவில்லை.

திண்ணைக்காவலர்

பொட்டலக்கட்டுநர் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். தடம் இல்லாத கணக்கு, ஒரே வாரத்தில் ஒரே தொனி, ஒரே கோரிக்கை ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் விதிமீறல் இல்லாவிட்டாலும் அந்தக் கணக்குகளின் பதிவு வேகத்தையாவது மட்டுப்படுத்த வேண்டும். அதே வேளையில், எரிச்சலில் கேட்கும் ஒவ்வொருவரையும் உளவாளியாகப் பார்க்கத் தொடங்கினால் உண்மையான பிழையைத் தெரிவிக்க வருபவர்களும் ஓடிவிடுவார்கள் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இழைபிரிப்பவன்

இப்போதைய தொல்லையை யாரும் தொடவில்லை. அழிந்த கோப்பை மீட்பது எப்படி என்று ஒருவர் கேட்டதற்கு, எண்ணிட்ட படிகளோடு மிக நேர்த்தியான ஆங்கிலத்தில் ஒரு பதில் வந்தது. மூன்றாவது படியில், ஆர்எம் கட்டளைக்கே ‘மீட்டெடு’ என்று ஒரு விருப்பத்தேர்வு இருப்பதாக எழுதியிருந்தது. அப்படி ஒன்று கிடையாது. அந்தப் பதிலை இட்ட கணக்கு அதே மணி நேரத்தில் தரவுத்தளம், அச்சுப்பொறி, பைத்தான் என்று எல்லாக் கேள்விகளுக்கும் அதே நேர்த்தியில் பதில் வழங்கியிருந்தது. ‘இதை நீங்கள் இயக்கிப் பார்த்தீர்களா?’ என்று கேட்டேன். ‘சிறந்த கேள்வி! நீங்கள் சொல்வது சரி’ என்று தொடங்கிய பதில் வந்தது; அதில் இன்னொரு இல்லாத விருப்பத்தேர்வு இருந்தது.

முறையிட்டால், இயந்திரம் எழுதியது என்பதற்குச் சான்று உண்டா என்று மட்டுறுத்துநர் கேட்கிறார். நிரலாளர்களின் கேள்விபதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ சாட்ஜிபிடி பதில்களை 2022 டிசம்பரிலேயே தடை செய்தது. ஆனால் சந்தேகத்தின் பேரில் அவற்றை நீக்கும் மட்டுறுத்துநர்களின் அதிகாரத்தை நிறுவனம் அடுத்த ஆண்டு பெரிதும் சுருக்கியது, அவர்களும் 2023 ஜூன் மாதத்தில் வேலைநிறுத்தமே செய்தார்கள். சான்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: எழுதியது யார் என்ற கேள்வியை விட்டுவிடுங்கள், இல்லாத விருப்பத்தேர்வைச் சொல்லும் பதில் தவறான பதில், அந்த ஒரு காரணத்துக்காகவே நீக்குங்கள். நான் இதை எழுதி அனுப்பிய முறையீடு இன்னும் ‘பரிசீலனையில்’ என்றே காட்டுகிறது. அந்தப் பதிலைப் பன்னிரண்டு பேர் பயனுள்ளது என்று குறித்திருக்கிறார்கள்.