போரிங் ஹெட் போதுமா, கான்டூரிங் ஹெட் வாங்கணுமா?

சிப்காட் பட்டறை
ராணிப்பேட்டை சிப்காட்டில் சின்ன பட்டறை. தோல் ட்ரம் ஓட்டும் கியர்பாக்ஸின் ஹவுசிங் வேலை வந்திருக்கிறது, வார்ப்பிரும்பு. 6310 பேரிங் உட்கார 110 எச்7 (அளவில் எவ்வளவு வித்தியாசம் அனுமதி என்பதன் வகுப்பு) துளை. அதற்குள் 114 விட்டத்தில் 4.15 அகல சர்க்லிப் (பேரிங் நழுவாமல் பிடிக்கும் வளையம்) காடி. வாயில் 12 மி.மீ. நீளத்துக்கு 15 டிகிரி டேப்பர். மெஷின் பன்னிரண்டு வருடம் ஓடிய விஎம்சி (செங்குத்து ஸ்பிண்டில் உள்ள கணினி மில்லிங் மெஷின்), டூல் பிடி பிடி40 அளவு. ஸ்பிண்டில் சுற்றும்போதே கட்டரை வெளியே தள்ளும் யு அச்சு கான்டூரிங் ஹெட் வாங்கினால் மூன்றையும் ஒரே டூலில் முடிக்கலாம் என்கிறார்கள். வாங்கலாமா, ஸ்க்ரூ திருகி ஒற்றை முனையை ஒரு விட்டத்துக்கு வைக்கும் போரிங் ஹெட்டே போதுமா?

காட்பாடி புரோகிராமர்
வேண்டாம் அண்ணே, காசை வீணாக்காதீர்கள். ஜி03 (வட்டப் பாதைக் கட்டளை) போட்டு எண்ட்மில்லை, அதாவது பக்கத்திலும் வெட்டும் கட்டரை, சுற்றவிட்டால் துளை முடிந்தது. சைஸ் வரவில்லையா, ஜி41 (கட்டர் ஆரத்துக்கு ஈடுகட்டும் கட்டளை) டி ஆஃப்செட்டில் இரண்டு மைக்ரான் மாற்றுங்கள். போரிங் ஹெட்டில் ஸ்க்ரூ திருகிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

ஆற்காடு பழைய கை
தம்பி, புது மெஷினில் சரி. பன்னிரண்டு வருட பால்ஸ்க்ரூவில் (அச்சை நகர்த்தும் திருகில்) எக்ஸும் ஒய்யும் திசை திரும்பும் நான்கு இடத்திலும் மேடு விழும். 110 எச்7 என்றால் மொத்தமே 35 மைக்ரான்தான், அதில் பாதியை அந்த மேடே தின்றுவிடும். போரிங் ஹெட்டில் வட்டத்தைப் போடுவது ஸ்பிண்டில் பேரிங், பால்ஸ்க்ரூ அல்ல. ஜி76 (நேர்த்தி போரிங் சைக்கிள்) போட்டால் அடியில் ஸ்பிண்டில் ஒரே கோணத்தில் நின்று, புரோகிராமில் கொடுத்த க்யூ அளவுக்கு முனை சுவரிலிருந்து விலகி, கோடு விழாமல் மேலே வரும்.

காட்பாடி புரோகிராமர்
பேக்லாஷ் காம்பென்சேஷன் (திசை திரும்பும்போது வரும் தளர்ச்சிக்கு ஈடு) போடாமல் மெஷினைக் குறை சொல்கிறீர்கள். முதலில் பால்பார் டெஸ்ட் (மெஷின் போடும் வட்டத்தின் பிழையை அளப்பது) எடுக்கச் சொல்லுங்கள். ஜி76-ஐயும் அவ்வளவு புகழ வேண்டாம். போரிங் பாரை 180 டிகிரி மாற்றிச் சொருகினால் விலகுவதற்குப் பதில் சுவரில் போய்க் குத்தும்.

ஆற்காடு பழைய கை
குத்தியிருக்கிறது, என் கையாலேயே. இன்செர்ட்டும் போச்சு, ஜாபும் போச்சு. அன்றிலிருந்து எம்19 (ஸ்பிண்டிலை ஒரே கோணத்தில் நிறுத்தும் கட்டளை) கொடுத்து முனை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கண்ணால் பார்க்காமல் சைக்கிள் ஸ்டார்ட்டைத் தொடுவதில்லை. சிப்காட் தம்பி, ஒரே ஹவுசிங்கில் அவர் சொல்கிறபடி சுற்றிப் பாருங்கள். போர் கேஜில் நாலு பக்கமும் 10 மைக்ரானுக்குள் வந்தால் ஆற்காடு மக்கன் பேடா என் செலவு. ஆனால் ரஃபிங் (முதல் முரட்டு வெட்டு) முடிந்த சூட்டோடு அளக்காதீர்கள். பத்து டிகிரி அதிகம் இருந்தாலே 110 மி.மீ. துளை 12 மைக்ரான் பெரிதாகக் காட்டும். வேலூர் மே மாதத்தில் கேட்கவே வேண்டாம்.

வாலாஜா யு அச்சு
துளையைப் பற்றியே சண்டை போடுகிறீர்கள். டேப்பரை யார் போடுவது? எண்ட்மில்லில் 0.1 மி.மீ. படியாக இறக்கினால் 120 சுற்று, அப்புறமும் கையில் படி தட்டும். என் ஹெட்டில் ஒரே வரி ஜி01 (நேர்கோட்டுக் கட்டளை): இசட் இறங்க, யு குறைய, லேத் போல ஒரே கோடு. ஜி18-இல் இசட்-யு தளம் எடுத்தால் ஆரமும் வரும். ஆனால் ஏமாறும் இடங்கள் உண்டு. யு ஆரமா விட்டமா என்று முதலிலேயே பாருங்கள். நான் விட்டம் என்று நினைத்து ஒரு ஜாபைக் கெடுத்தேன். பேக்லாஷ் இங்கேயும் உண்டு, அதனால் எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து சைஸுக்கு வர வேண்டும். டேப்பரில் முனை ஆரத்துக்குக் காம்பென்சேஷன் போடாவிட்டால் அளவு தவறும்.

காட்பாடி புரோகிராமர்
சரி, டேப்பரை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிடி40-இல் டூலைத் தானாக மாற்றும் ஏடிசி கை தூக்குவது பொதுவாக 7, 8 கிலோதான். அந்த ஹெட்டைக் கையால் மாட்டி, சுற்றாமல் பிடிக்க ஆர்ம் பொருத்தி, யு-வுக்கு கன்ட்ரோலில் தனி அச்சு திறந்து... இவர் மாதம் எத்தனை ஹவுசிங் செய்யப்போகிறார்? காடிக்கு 63 மி.மீ. டி-கட்டர் (T வடிவக் காடி கட்டர்) போதும். மையம் 25.5 ஆரத்தில் சுற்றும். ஃபீடை மட்டும் குறையுங்கள்: உட்புறம் சுற்றும்போது விளிம்பு மையத்தைவிட வேகமாக ஓடும். விளிம்பில் 200 வேண்டுமானால் மையத்துக்கு 51/114 மடங்கு, சுமார் 89. பலர் 200-ஐயே போட்டுப் பல்லை உடைக்கிறார்கள்.

சிப்காட் பட்டறை
ஒரு ஹவுசிங் சுற்றிப் பார்த்தேன், ஆறவிட்டு அளந்தேன். எக்ஸ், ஒய் திசைகளுக்கும் குறுக்குத் திசைகளுக்கும் 18 மைக்ரான் வித்தியாசம். அதே ஜாபில் 0.3 விட்டு வைத்திருந்ததை போரிங் ஹெட்டில் ஜி76 போட்டு எடுத்தேன், 6 மைக்ரான். காடியை டி-கட்டரில் 89 ஃபீடில் எடுத்தேன், பல் உடையவில்லை. மாதம் 15 பீஸ்தான், ஹெட் வாங்கவில்லை. வாலாஜா அண்ணே, டேப்பரை மட்டும் உங்களிடம் அனுப்பினால் பீஸுக்கு என்ன கேட்பீர்கள்?

வாலாஜா யு அச்சு
தனி மெசேஜில் பேசுவோம். பீஸை எடுத்து வரும்போது துளை மையத்துக்கு டயல் பிடிக்க ஒரு சுத்தமான முகம் விட்டு வையுங்கள், இல்லாவிட்டால் செட்டிங்குக்கே அரை நாள் போய்விடும்.

காட்பாடி புரோகிராமர்
பேக்லாஷ் காம்பென்சேஷன் போட்ட பிறகு இன்னொரு முறை சுற்றச் சொல்கிறேன். பேடா பந்தயம் இன்னும் முடியவில்லை.