ஐந்துலக வகைப்பாடு நடத்தினவங்க, மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்க

பச்சையம்
நானே ஆரம்பிக்கிறேன். மொனிரா, புரோடிஸ்டா, பூஞ்சை, தாவரம், விலங்குன்னு அஞ்சு உலகமும் முடிச்சு ஒரு சின்ன டெஸ்ட், காளான் எதுல வரும், ஏன்னு ரெண்டு மார்க் கேள்வி. ஒரு பொண்ணு "பூஞ்சை உலகம், ஆனா தாவரத்தை விட விலங்குக்குத்தான் நெருக்கம்"னு எழுதியிருந்தா. எனக்கு உளறலாப் பட்டுச்சு, அந்த ரெண்டாவது பாதிய சிவப்புல அடிச்சு அரை மார்க் குறைச்சுட்டேன். பேப்பரை வாங்கிட்டு நேரா எங்கிட்ட வந்தா, "மிஸ், செல்சுவர்ல செல்லுலோஸ் இல்லையே, கைட்டின்தானே, பூச்சியோட ஓட்டுலயும் அதுதானே, ஸ்டார்ச் சேத்து வைக்காம நம்ம கல்லீரல் மாதிரி கிளைக்கோஜன்தானே சேக்குது"ன்னு மூச்சு விடாம சொன்னா. "புக்ல இருக்கறத மட்டும் எழுது"ன்னுட்டேன். அவ ஒண்ணும் பேசல. பேப்பரை ரெண்டா மடிச்சா, நாலா மடிச்சா, அதுக்கு மேல மடிக்க முடியாத அளவுக்கு மடிச்சு கைக்குள்ள வச்சுக்கிட்டுப் போனா. ஜீன்களை ஒப்பிட்டுப் பாத்தாலும் பூஞ்சை நம்ம பக்கம்தான் நிக்குதுன்னு நான் படிக்கறதுக்குள்ள அவ பள்ளி மாறிப் போயிட்டா.

லென்ஸ் சார்
எனக்கு யூக்ளினா, குட்டைல இருக்கற ஒரு செல் உயிர். குட்டைத் தண்ணி ஒரு சொட்டு ஸ்லைடுல போட்டு வரிசையா வந்து பாருங்கன்னேன். எப்பவும் கடைசி பெஞ்ச்ல தூங்கற பையன் ஒருத்தன், கண்ண வச்சவன் சட்டுனு பின்னால இழுத்துக்கிட்டான். "சார் இலை நீந்துது." கிளாஸே சிரிச்சுது, ஆனா அவன் சிரிக்கல. பச்சையா இருக்கு, வெளிச்சத்துல தானே சாப்பாடு தயாரிக்குது, இருட்டுல வச்சா வெளிய இருக்கற சத்தை உறிஞ்சிப் பொழைக்குது, நீந்தறதுக்குச் சாட்டை மாதிரி கசையிழை வேற இருக்கு, இதத் தாவரத்துல வைப்பீங்களா விலங்குல வைப்பீங்களான்னு அவனே எங்கிட்ட கேட்டான். புரோடிஸ்டான்னு சொன்னேன். "எதுலயும் சேராததெல்லாம் போடற டப்பாவா சார் அது?" அன்னைக்கு நான் பதில் சொல்லாம பெல் அடிக்கக் காத்துக்கிட்டிருந்தேன். அவன் கேட்டதுதான் உண்மை, அந்த உலகத்துல இருக்கறதுங்க ஒண்ணுக்கொண்ணு நெருங்கின சொந்தமே கிடையாது.

மூணாவது பெஞ்ச்
பச்சையம் மேடம், மார்க் குறைச்சது தப்புதான், ஆனா அந்தப் பொண்ணு சொன்ன காரணத்தையும் அப்படியே எடுத்துக்க முடியாது. கைட்டின் இருந்தா சொந்தம்னு வச்சுக்கிட்டா டயாட்டம்னு சொல்ற ஒரு செல் பாசிகள் சிலதுலயும் கைட்டின் நார் இருக்கு, அதுங்க நமக்கு எந்த விதத்துல உறவு? பூஞ்சைலயே கைட்ரிட்னு ஒரு கூட்டம் இருக்கு, அதோட நீந்தற வித்துக்குப் பின்பக்கம் ஒரே ஒரு கசையிழை, விந்தணு மாதிரியே பின்னாலேர்ந்து தள்ளும். விலங்கோட சொந்தம்னு காட்ட இது அத விட நல்ல சாட்சி. என் அனுபவம்னு பெருசா ஒண்ணுமில்ல, நீலப்பசும்பாசி மொனிராலன்னு போர்டுல எழுதினதும் "அப்ப ஏன் சார் பாசின்னு பேர்"னு ஒரு பொண்ணு கேட்டா, உட்கரு இல்ல அதனாலன்னு சொல்லிட்டு அடுத்ததுக்குப் போயிட்டேன். அவ கேட்டது பேரைப் பத்தி. அது இப்பதான் உறைக்குது.

வேர்முடிச்சு
ஒரு பையன் கேட்டான், "1969ல விட்டேக்கர் அஞ்சா பிரிச்சாருன்னா, 1968ல காளான் என்னவா இருந்துச்சு மேடம்?" செடின்னேன். "காளானுக்கு அது தெரியுமா?"ன்னான். அவ்வளவுதான் என் கதை.

ஆனா இதைப் படிக்கற புது டீச்சர்ஸ்க்கு ஒண்ணு சொல்லணும். தயவு செஞ்சு அஞ்சு கட்டம் போட்ட அட்டவணைல ஆரம்பிக்காதீங்க. 1735ல லின்னேயஸ் உயிருள்ளதுக்கு ரெண்டே உலகம்தான் வச்சாரு, அங்கேர்ந்து ஆரம்பிங்க, இருபது உயிரோட பேரைக் குடுத்து ரெண்டே குவியலாப் பிரிக்கச் சொல்லுங்க, பசங்க யூக்ளினால முட்டிக்குவாங்க, அப்ப 1866ல ஹெக்கல் புரோடிஸ்டான்னு மூணாவது ஒண்ணு கொண்டு வந்ததச் சொல்லுங்க. பாக்டீரியாவுக்கு உட்கருவே இல்லையேன்னு அடுத்து முட்டுவாங்க, 1938ல கோப்லேண்ட் அதத் தனி உலகமாக்கினத அங்க வைங்க. காளான் பச்சையமும் இல்லாம, விழுங்கவும் விழுங்காம, நொதிய வெளிய விட்டு செரிச்சு உறிஞ்சுதேன்னு கேக்கற இடத்துல விட்டேக்கர் வந்தா அந்த வருஷத்த அவங்க மறக்க மாட்டாங்க. அதோட நிறுத்திடாதீங்க, 1977ல வூஸும் ஃபாக்ஸும் செல்லுல புரதம் தயாரிக்கற ரைபோசோமோட ஆர்என்ஏவ ஒப்பிட்டு, மொனிரான்னு ஒண்ணாப் போட்டதுக்குள்ள ஆர்க்கியான்னு முழுசா வேற ஒரு கூட்டமே இருக்குன்னு காட்டினதையும் சொல்லணும். கடற்பஞ்ச விட்டுடாதீங்க, வளந்ததும் ஒரே இடத்துல ஒட்டிக்கிட்டு நிக்கும், ஆனா லார்வா நீந்தும். நகர்ந்தா விலங்கு நின்னா செடின்னு சின்ன வயசுலேர்ந்து மனசுல உக்காந்திருக்கறத எந்த விளக்கமும் அசைக்காது, அதுதான் அசைக்கும்.

லென்ஸ் சார்
வேர்முடிச்சு மேடம், நாற்பது நிமிஷ பீரியட்ல இவ்வளவும் எங்க நடத்தறது? எனக்கு மூணு பீரியட்தான் குடுத்திருக்காங்க.

அட்டை
நான் இந்தப் பிரிக்கற விளையாட்ட நடத்தியிருக்கேன். ஆளுக்கு ஒரு அட்டை, சுவத்துல அஞ்சு உலகம் எழுதி ஒட்டியிருந்தேன், போய் நில்லுன்னேன். எல்லாரும் போயிட்டாங்க, வைரஸ் அட்டை வச்சிருந்த பையன் மட்டும் நடுவுல. செல் இல்லாததால எந்த உலகத்துலயும் சேக்கறதில்லன்னு அவன் கத்துக்கட்டும்னுதான் குடுத்தேன். அவன் ஒவ்வொரு கூட்டமாப் போய் "நான் இங்க நிக்கலாமா"ன்னு கேட்டான், எல்லாரும் காரணத்தோட வேணாம்னாங்க, பாடம் நான் நெனச்சபடியே நல்லாத்தான் போச்சு. அந்த வருஷம்தான் அவன் புதுசா சேந்திருந்தான். அது எனக்கு சாயங்காலம்தான் ஞாபகம் வந்துச்சு.

பச்சையம்
மூணாவது பெஞ்ச் சார், டயாட்டம் விஷயம் எனக்குப் புதுசு, நன்றி. அந்தப் பொண்ணுகிட்ட இத சொல்லியிருந்தா அவளே கைட்ரிட் வரைக்கும் தேடிப் போயிருப்பா. பழைய மார்க் ரிஜிஸ்டர் எடுத்துப் பாத்தேன், அவ பேருக்கு நேரா இன்னும் ஒன்றரைதான் இருக்கு.