ஆப்பில் 36 டெசிபல்தான், அறை முழுக்க உறுமல்: மொபைலை வைத்துத் தாழ் அதிர்வெண் சத்தத்தை அளக்க முடியுமா?

முதல்மாடி:

வணக்கம். சென்னை மேடவாக்கம் பக்கம் அடுக்குமாடி வீடு. படுக்கையறைக்கு நேர் கீழே, பேஸ்மென்டில் எஸ்.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) இருக்கிறது. அதன் தொட்டிக்குக் காற்று தள்ளும் ப்ளோயர் ஓடும்போதெல்லாம் "ம்ம்ம்" என்று விடாத உறுமல். ஜன்னலைச் சாத்தினால் குறைவதற்குப் பதில் இன்னும் எடுப்பாகக் கேட்கிறது.

ஆண்ட்ராய்டு போனில் டெசிபல் ஆப் போட்டு இரவு 11 மணிக்கு அளந்தால் 36 காட்டுகிறது. அசோசியேஷனில் "இரவுக்கு 45 வரை அனுமதி, இது அதற்குள்தானே" என்கிறார்கள். என் சந்தேகங்கள்:

ஆப் தப்பாகக் காட்டுகிறதா? "கேலிபரேஷன் ஆஃப்செட்" என்று ஒன்று இருக்கிறதே, அதைக் கூட்டி வைத்தால் சரியாகிவிடுமா? இந்த உறுமல் ப்ளோயரிலிருந்துதான் வருகிறது என்று எப்படி நிரூபிப்பது?

ஆபரேட்டரிடம் கேட்டு வாங்கிய விவரம்: ட்வின் லோப் ப்ளோயர் (இரண்டு இதழ் கொண்ட சுழலிகள் காற்றைத் தள்ளும் வகை), பெல்ட் டிரைவ். மோட்டார் 1440 ஆர்.பி.எம். மோட்டார் புல்லி 120 மி.மீ., ப்ளோயர் புல்லி 150 மி.மீ. ஒன்று ஓடும், ஒன்று ஸ்டாண்ட்பை. அறை 15 அடிக்கு 11 அடி.

சைன்வேவ்:

36 என்பது ஏ-வெயிட்டிங் போட்ட எண். தாழ் அதிர்வெண்களை வெட்டிக் கழித்த பிறகுதான் அது கூட்டப்படுகிறது. 125 ஹெர்ட்ஸில் 16 டெசிபல் கழியும். 100இல் 19, 80இல் 22.5, 63இல் 26, 50இல் 30. 31.5 ஹெர்ட்ஸுக்குப் போனால் 39. ஆக 80 ஹெர்ட்ஸை ஒட்டி 55 டெசிபலில் ஓர் உறுமல் இருந்தாலும் ஏ-கணக்கில் அது 33க்குள் அடங்கிவிடும். ஆனால் 80 ஹெர்ட்ஸில் சராசரிக் காதுக்குக் கேட்கத் தொடங்கும் அளவே சுமார் 31 டெசிபல். 55 என்றால் அதற்கு 24 மேலே, நன்றாகவே கேட்கும். ஜன்னலைச் சாத்தினால் எடுப்பாவதற்கும் காரணம் உண்டு. தெருச் சத்தத்தின் உயர் பகுதியைக் கண்ணாடி தடுத்துவிடும். அதுவரை உறுமலை மூடி மறைத்துக்கொண்டிருந்தது அதுதான்.

அசோசியேஷன் சொல்லும் 45, 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்கான இரவு வரம்பு. அதுவும் ஏ-வெயிட்டிங் கணக்குதான். தாழ் அதிர்வெண்ணுக்கென்று தனி வரம்பு அந்த விதிகளில் இல்லை. அதனால் "விதிப்படி சரி", "தூங்க முடியவில்லை" இரண்டுமே ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்.

அடுத்து போன். பேச்சுக்காகச் செய்த கருவி அது. காற்று இரைச்சலும் கை உரசலும் பதிவாகக் கூடாது என்று தாழ் பகுதியை வேண்டுமென்றே வடிகட்டுவார்கள். அதற்கு மேல் நாய்ஸ் சப்ரஷன் வேறு. மாறாமல் ஒரே சீராக வரும் ஒலிதான் அதற்கு "தேவையற்ற இரைச்சல்". அப்படிப்பட்ட ஆப்பில் உறுமல் முதல் சில விநாடி தெரியும், பிறகு தானாக அமுங்கிப்போகும். திரையில் இது நடந்தால் அந்த ஆப்பையோ செட்டிங்கையோ மாற்றியே ஆக வேண்டும்.

ஆண்ட்ராய்டு 7 முதல் "அன்ப்ராசஸ்டு" என்று, மைக்கின் ஒலியை வடிகட்டாமல் தரும் ஓர் ஆடியோ சோர்ஸ் உண்டு. எல்லா போனிலும் கிடையாது. இல்லையென்றால் "வாய்ஸ் ரெகக்னிஷன்" சோர்ஸ் அடுத்த நல்ல தேர்வு. ஆடியோ சோர்ஸை மாற்ற அனுமதிக்கும் ஆப்பாகப் பாருங்கள். அன்ப்ராசஸ்டு கிடைத்தாலும் பெரிதாக மகிழ வேண்டாம்: 5 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை, நடுப்பகுதியோடு ஒப்பிட்டால் 20 டெசிபல் கூடவோ குறையவோ இருக்கலாம் என்பதுதான் கூகுள் போன் தயாரிப்பாளர்களுக்கு வைத்திருக்கும் நிபந்தனை.

ஆஃப்செட் பற்றி: அது எல்லா அதிர்வெண்ணுக்கும் ஒரே எண்ணைக் கூட்டும். 1000 ஹெர்ட்ஸில் 94 டெசிபலுக்குச் சரிசெய்து வைத்தாலும், 70 ஹெர்ட்ஸில் மைக் 10 டெசிபல் குறைவாகக் கேட்டால் அந்தப் பத்து அப்படியேதான் இருக்கும்.

இதையெல்லாம் மீறி போன் மிகச் சரியாகச் சொல்லும் விஷயம் ஒன்று இருக்கிறது: அதிர்வெண். உள்ளே இருப்பது க்ரிஸ்டல் கடிகாரம். 77 ஹெர்ட்ஸை 76 என்று அது காட்டாது. எனவே டெசிபல் எண்ணை விட்டுவிட்டு ஸ்பெக்ட்ரம், அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் வரைபடம், எடுங்கள்.

மின்விசிறி, ஏ.சி., ஃப்ரிட்ஜ் எல்லாம் அணைத்துவிடுங்கள். சீலிங் ஃபேன் காற்று மைக்கில் பட்டால் 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒரு மலையே எழும். போன் உறையைக் கழற்றி, நான்காக மடித்த துண்டின் மேல், தலையணை இருக்கும் இடத்தில் வையுங்கள். கையில் பிடிக்கக் கூடாது. சார்ஜர் செருகியிருக்கக் கூடாது, 50 ஹெர்ட்ஸும் 100 ஹெர்ட்ஸும் மின்வழியாக நுழைந்துவிடும். ஃப்ளைட் மோடில் போடுங்கள். 48000 சாம்பிள் வேகத்தில், வேவ் கோப்பாக, ப்ளோயர் ஓடும்போது 2 நிமிடம், நின்றபின் 2 நிமிடம் பதியுங்கள். வாட்ஸ்ஆப் குரல் பதிவாக அனுப்பி வாங்கிய கோப்பு உதவாது. பேச்சுக்காகச் சுருக்கும்போது நமக்கு வேண்டியதுதான் முதலில் போகும்.

பிறகு கணினியில் ஆடாசிட்டி என்ற இலவச ஒலி மென்பொருளில் திறந்து, ப்ளாட் ஸ்பெக்ட்ரமில் சைஸ் 65536, விண்டோ ஹான். 48000ஐ 65536ஆல் வகுத்தால் 0.73 ஹெர்ட்ஸ், அவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துக் காட்டும். பல ஆப்கள் இயல்பாக வைத்திருக்கும் 4096இல் ஒரு படி கிட்டத்தட்ட 12 ஹெர்ட்ஸ். அதை வைத்து எந்த இயந்திரம் என்று சொல்லவே முடியாது.

ப்ளோயர்பெல்ட்:

அளப்பதற்கு முன்னாலேயே எங்கே பார்க்க வேண்டும் என்று கணக்குப் போட்டுவிடலாம்.

மோட்டார் 1440, புல்லி 120க்கு 150. ப்ளோயர் வேகம் 1152 ஆர்.பி.எம்., அதாவது விநாடிக்கு 19.2 சுற்று. ட்வின் லோப்பில் ஒரு சுற்றுக்கு நான்கு முறை காற்று தள்ளப்படும். 19.2 பெருக்கல் 4, 76.8 ஹெர்ட்ஸ். பெல்ட் கொஞ்சம் வழுக்கும், ஒன்றிரண்டு சதவீதம் கழித்தால் ஸ்பெக்ட்ரமில் 75க்கும் 77க்கும் நடுவில் ஒரு முள் எழுந்து நிற்க வேண்டும். 152 பக்கம் அதன் இரட்டிப்பும் தெரியலாம். ட்ரை லோப்பாக இருந்தால் நான்குக்குப் பதில் ஆறு, 115 பக்கம் வரும். நேம் பிளேட்டை ஒருமுறை நேரில் பார்த்துவிடுங்கள், ஆபரேட்டர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்.

மற்ற முட்கள்: 24 ஹெர்ட்ஸ் மோட்டார் சுழற்சி, பேலன்ஸ் சரியில்லை. 48 பெரிதாக இருந்தால் புல்லி அலைன்மென்ட் அல்லது தளர்வு. 100 ஹெர்ட்ஸ் மின்சாரம்: மோட்டார் சுருளோ டிரான்ஸ்ஃபார்மரோ. நம் கிரிட் 50ஐ விட்டு அதிகம் நகராது. எனவே மின் உறுமல் 100ஐ ஒட்டியே நிற்கும். 96, 97 என்று வந்தால் அது மின்சாரம் இல்லை, 2900 சுற்றில் ஓடும் ஏதோ பம்பின் இரட்டிப்பு.

முதல்மாடி:

இருவருக்கும் நன்றி. சொன்னபடி செய்தேன். 76.2இல் தெளிவான முள். ப்ளோயர் ஓடும்போது -38 டெசிபல், நின்றபின் அதே இடத்தில் -61. 152இல் சின்னதாக ஒன்று. 100இல் இருப்பது ப்ளோயர் நின்றாலும் மாறவில்லை. நேம் பிளேட்டிலும் ட்வின் லோப்தான்.

ஆப்பில் சி-வெயிட்டிங் (தாழ் பகுதியை ஏ அளவுக்கு வெட்டாத கணக்கு) போட்டால் 51. ஏ 36, சி 51, வித்தியாசம் 15. வித்தியாசம் 20ஐத் தாண்டினால்தான் தாழ் அதிர்வெண் பிரச்சினை என்று படித்தேன். அப்படியானால் என் புகார் செல்லாதா? வேடிக்கை என்னவென்றால், கட்டிலின் தலைமாட்டில் பலமாகக் கேட்கிறது, நாலடி தள்ளி நின்றால் பாதிகூட இல்லை.

அலைநீளம்:

அந்த 20 டெசிபல் வித்தியாசம் ஜெர்மனியின் டின் 45680 தரநிலையில், மேற்கொண்டு ஆராய வேண்டுமா என்று முடிவுசெய்ய வைத்த முதல் வடிகட்டி. தரமான மீட்டருக்கு எழுதியது. உங்கள் போன் தாழ் பகுதியைக் குறைத்துக் கேட்பதால் சி எண் கீழே இறங்குகிறது, வித்தியாசமும் சுருங்குகிறது. போனில் 15 வந்ததை வைத்து எதையும் தள்ளுபடி செய்ய முடியாது. போன் ஆப்பின் சி எண்ணை யாரிடமும் ஆதாரமாக நீட்டவும் வேண்டாம்.

நீங்கள் எடுத்ததில் உறுதியானது அந்த 23 டெசிபல். அதே போன், அதே இடம், அதே அதிர்வெண்: மைக்கின் குறை இரண்டு பக்கமும் ஒன்றே என்பதால் கழித்தலில் போய்விடும். ஒரே நிபந்தனை, ஆட்டோ கெயின் (ஒலிக்கேற்ப போன் தானாகவே பதிவின் அளவைக் கூட்டிக் குறைப்பது) குறுக்கிடவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். ஆடாசிட்டியில் 300 ஹெர்ட்ஸ் டோன் இரண்டு உருவாக்குங்கள், ஒன்று ஆம்ப்ளிடியூட் 0.8, இன்னொன்று 0.08. இரண்டுக்கும் வித்தியாசம் 20 டெசிபல். ஸ்பீக்கர் வால்யூமைத் தொடாமல் இரண்டையும் ஒலிக்கவிட்டு போனில் பதியுங்கள். 20 வந்தால் நம்பலாம். 12, 13 என்று வந்தால் கெயின் விளையாடுகிறது. அந்த 23உம் சந்தேகம்தான். சோதனைக்கு இன்னொரு மொபைலின் ஸ்பீக்கரில் 76 ஹெர்ட்ஸ் ஒலிக்கவிட நினைக்காதீர்கள், அவ்வளவு சின்ன ஸ்பீக்கரால் அது முடியாது. கேட்பது பெரும்பாலும் அதன் மடங்குகளாகத்தான் இருக்கும்.

தலைமாடு விஷயத்துக்கு வருகிறேன், இந்த இழையில் சுவாரசியமானதே அதுதான். 15 அடி என்பது 4.57 மீட்டர். 30 டிகிரியில் ஒலி வேகம் சுமார் 349 மீட்டர். 349ஐ 4.57ஆல் வகுத்தால் 76.4 ஹெர்ட்ஸ். நீளவாக்கில் உங்கள் அறையின் இரண்டாவது நிலையலை (எதிரெதிர்ச் சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலி ஒன்றுசேர்ந்து சில இடத்தில் பலமாகவும் சில இடத்தில் மெலிதாகவும் நிற்பது) சரியாக ப்ளோயரின் அதிர்வெண்ணில் உட்கார்ந்திருக்கிறது. இதில் இரு சுவரோரமும் அறையின் நடுவும் உச்சம், சுவரிலிருந்து 1.14 மீட்டரில், அதாவது மூன்றே முக்கால் அடியில், பள்ளம். நாலடி தள்ளினால் பாதிகூட இல்லை என்றது இதனால்தான். உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் 10, 15 டெசிபல் வேறுபடுவது சகஜம். ஆள் வந்து அளக்கும்போது பள்ளத்தில் ஸ்டாண்டை நிறுத்திவிட்டால் எல்லாம் வீண்.

ஆகவே அளக்கும் இடங்கள்: தலையணை, அறையின் ஒரு மூலை, நட்ட நடு, அந்தப் பள்ளம். மூலையில் எல்லா நிலையலைக்கும் உச்சம் என்பதால் அது ஒப்பீட்டுப் புள்ளி. இடத்துக்கு இடம் 76 முள் மாறினால் அது காற்றில் வரும் நிஜ ஒலி. எங்கே வைத்தாலும் மாறாமல் நிற்கும் முள், உங்கள் 100 ஹெர்ட்ஸ் அப்படியென்றால், போனின் உள்ளேயே பிறந்ததாக இருக்கலாம்.

நிஜ டெசிபல் வேண்டுமென்றால் இரண்டு வழி. யுமிக்-1 போன்ற யு.எஸ்.பி. அளவீட்டு மைக், ஒவ்வொரு மைக்குக்கும் அதன் வரிசை எண்ணுக்கான திருத்தக் கோப்பு கிடைக்கும், அதை ஆர்.இ.டபிள்யூ. என்ற இலவச மென்பொருளில் ஏற்றி மடிக்கணினியில் அளக்கலாம். வீட்டு உபயோகத்துக்கு அது போதும். வழக்கு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்று போவதானால் கிளாஸ் 1 (அதிகத் துல்லிய வகை) மீட்டர் வைத்திருப்பவரை அழையுங்கள். "10 முதல் 160 ஹெர்ட்ஸ் வரை மூன்றில் ஒரு ஆக்டேவ் பட்டைகள், இசட்-வெயிட்டிங், எல்.இ.க்யூ., ப்ளோயர் ஓடும்போதும் நின்றபோதும்" என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். பட்டை என்பது அதிர்வெண்ணைக் கூறுபோட்டது, இசட் என்றால் எதையும் வெட்டாத கணக்கு, எல்.இ.க்யூ. என்றால் நேரச் சராசரி. சொல்லாவிட்டால் ஒரே ஒரு ஏ எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள், மறுபடி அதே 36.

ஒப்பிட நம்மிடம் வரம்பு இல்லாததால், பிரிட்டனில் சால்ஃபோர்டு பல்கலைக்கழகம் அரசுக்காக வகுத்த வளைவைப் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். வீட்டுக்குள் 50 ஹெர்ட்ஸ் பட்டையில் 43, 63இல் 42, 80இல் 40, 100இல் 38 டெசிபல். ஏற்ற இறக்கமில்லாத சீரான ஒலி என்றால் 5 கூடுதலாக அனுமதிக்கிறார்கள், ப்ளோயருக்கு அது பொருந்தும். ஆக 80 பட்டையில் 45. இங்கே சட்ட மதிப்பு இல்லை, ஆனால் அசோசியேஷன் கூட்டத்தில் பேச ஒரு பிடிமானம்.

முதல்மாடி:

அருமை. போன் சென்சார்களை வைத்து அளக்கும் ஃபைஃபாக்ஸ் ஆப்பில் அதிர்வு அளவியும் இருக்கிறதே, தரையில் வைத்துப் பார்க்கலாமா? வீட்டில் ஐஃபோனும் உண்டு.

சைன்வேவ்:

பார்க்கலாம், ஆனால் சாம்பிள் வேகத்தை முதலில் பாருங்கள். 76ஐப் பிடிக்கக் குறைந்தது 152க்கு மேல் வேண்டும். ஐஃபோனில் விநாடிக்கு 100தான். அதில் 76 ஹெர்ட்ஸ் மடங்கி (100இலிருந்து 76 போக) 24இல் பொய்யாகத் தோன்றும். உங்கள் மோட்டாரும் 24! பார்ப்பவர் மோட்டார் பேலன்ஸ் என்று முடிவுகட்டி, தேவையில்லாமல் மோட்டாரைக் கழற்றுவார். ஆண்ட்ராய்டில் 200க்கு மேல் கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். இரட்டைப் பக்க டேப்பால் டைல்ஸில் ஒட்ட வேண்டும். துண்டின் மேல் வைத்தால் துண்டைத்தான் அளப்பீர்கள்.

ப்ளோயர்பெல்ட்:

ஆபரேட்டரை வைத்து இரண்டு சோதனை செய்யுங்கள். பெல்ட்டைக் கழற்றி மோட்டாரை மட்டும் ஓட்டினால் 76 மறைய வேண்டும். அடுத்து பெல்ட்டை மாட்டி, ஸ்டாண்ட்பை ப்ளோயரை ஓட்டிப் பாருங்கள். அதில் முள் சிறியதாக இருந்தால் இரண்டின் பொருத்தலிலும் என்ன வித்தியாசம் என்று தேடலாம்.

பெரும்பாலும் குற்றவாளி ப்ளோயரே இல்லை, காற்றுக் குழாய். காற்று வெளியேறும் டிஸ்சார்ஜில் ரப்பர் பெல்லோஸ் (அதிர்வைக் கடத்தாத வளையும் இணைப்பு) இல்லாமல் நேராக ஜி.ஐ. பைப்பை இழுத்து, சீலிங் ஸ்லாபில் இரும்பு க்ளாம்ப் போட்டு இறுக்கியிருப்பார்கள். உங்கள் படுக்கையறைத் தரைதான் அந்த ஸ்லாப். பெல்லோஸ் போட்டு, க்ளாம்புகளை ரப்பர் வைத்ததாக மாற்றி, முடிந்தால் பைப்பைச் சீலிங்கிலிருந்து இறக்கித் தரையிலிருந்து ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். ப்ளோயர் பேஸுக்கு அடியில் இருக்கும் ரப்பர் மவுன்ட் இறுகிக் கல்லாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். சுற்றிப் பஞ்சுப் பெட்டி கட்டுவது முதலில் எல்லோரும் சொல்லும் யோசனை. 76 ஹெர்ட்ஸில் ஓர் அலை நாலரை மீட்டர், இரண்டு அங்குலப் பஞ்சு அதை உறிஞ்சாது.

வேகத்தை மாற்றுவதும் ஒரு வழி. ப்ளோயர் புல்லி 150க்குப் பதில் 165 போட்டால் 1047 சுற்று, 70 ஹெர்ட்ஸ். உங்கள் அறையின் நிலையலையிலிருந்து விலகிவிடும். காற்று 9 சதவீதம் குறையும், அதனால் ஏரேஷன் டேங்கில் (காற்று செலுத்தும் கழிவுநீர்த் தொட்டி) கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மி.கி. பக்கம் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு நிரந்தரமாக்குங்கள். வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றும் மின்கருவி) போட்டால் இன்னும் எளிது, ஆனால் ஆசைப்பட்டு மிகவும் இறக்கினால் ப்ளோயர் சூடேறும். உற்பத்தியாளர் தரும் குறைந்தபட்ச வேகத்துக்குக் கீழே போகக் கூடாது. இரவு முழுக்க நிறுத்திவைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள், காலையில் நாற்றம் தாங்காமல் மொத்தக் குடியிருப்பும் உங்களைத் தேடி வரும்.

புல்லி மாற்றிய பிறகு மேல் மாடிக்காரர்களின் அறைகளிலும் ஒருமுறை பதிந்து பாருங்கள். 70 ஹெர்ட்ஸ் என்பது 16 அடி 4 அங்குலம் நீளமுள்ள அறைக்குப் பொருந்திவரும்.