எல்.பி., ஈ.பி. கவர்களில் வட்டத் தேய்மானம், ஓரக் கிழிசல்: கடலோர ஊரில் எப்படி அடுக்கி வைப்பது?

மயிலைவாசி

வணக்கம். என்னிடம் 350 எல்.பி. (12 அங்குலப் பெரிய இசைத்தட்டு), 500க்குப் பக்கமாக ஈ.பி. (7 அங்குலச் சின்ன இசைத்தட்டு) உள்ளன. பெரும்பாலும் 60களிலிருந்து 80கள் வரையிலான தமிழ்ப் படப் பாடல்கள், கொஞ்சம் கர்நாடக சங்கீதம். எச்.எம்.வி., இன்ரிகோ, எக்கோ நிறுவனங்களின் தட்டுகள்தான் அதிகம். எல்.பி.க்கள் இரும்பு பீரோவில் செங்குத்தாக நிற்கின்றன. இடம் போதாததால் ஈ.பி.க்களை மேல்தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கப் போட்டிருக்கிறேன். தட்டுகள் நன்றாகவே ஓடுகின்றன. கெட்டுப்போவதெல்லாம் கவர்கள்தான்.

முன்னட்டையில் தட்டின் வட்டம் வெள்ளையாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. பல கவர்களில் அடிப்பக்க ஓரம் நடுவிலிருந்து பிளந்திருக்கிறது. பழைய கெட்டி பிளாஸ்டிக் உறை போட்டவற்றில், உறை படத்தோடு ஒட்டிக்கொண்டு எண்ணெய் தடவியது மாதிரி பிசுபிசுக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் பீரோவைத் திறந்தாலே பூஞ்சை வாடை.

வெளியுறைக்கு எந்த பிளாஸ்டிக், என்ன அளவு, என்ன தடிமன்? பீரோவே போதுமா, பிளைவுட்டில் அலமாரி அடிக்க வேண்டுமா? கிழிந்த ஓரங்களை என்ன செய்வது?

---

சுழல்மேடை

முதல் வேலையாக ஈ.பி.க்களை நிமிர்த்தி வையுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. படுத்திருக்கும் அடுக்கில் கீழே உள்ள கவர் மேலே இருக்கும் அத்தனை தட்டின் எடையையும் சுமக்கிறது. ஈ.பி. கவர் வெறும் தாள்தான், தாங்காது.

வட்டம் ஏன் விழுகிறது என்று தெரிந்தால் மற்றது தானாகப் புரியும். தட்டு முழுவதும் ஒரே தடிமன் கிடையாது. விளிம்பும், நடுவில் லேபிள் இருக்கும் பகுதியும் சற்று மேடாக இருக்கும். ஒரு தட்டின்மேல் இன்னொன்று விழுந்தாலும் காடிகள் (ஊசி ஓடும் பள்ளங்கள்) உரசக்கூடாது என்பதற்காக 1950களில் வந்த அமைப்பு அது. காடிகளைக் காப்பாற்றும் அந்த மேடுதான் அட்டையை உள்ளிருந்து தேய்க்கிறது. நெருக்கி அடுக்கினால் அழுத்தம் மொத்தமும் அந்த இரண்டு வட்டங்களில்தான் விழும். அதனால்தான் எல்.பி. கவரில் 30 செ.மீ. அளவில் ஒரு வட்டமும் லேபிள் அளவில், சுமார் 10 செ.மீ.க்கு, இன்னொன்றும் தெரிகின்றன. நெருக்கமான வரிசையிலிருந்து ஒன்றை உருவும்போது புடைத்திருக்கும் அந்த இடங்கள் பக்கத்துக் கவரோடு உரசி மை போய்விடுகிறது. போன மை திரும்ப வராது.

ஓரம் பிளப்பதற்கும் காரணம் தட்டுதான். 120 முதல் 180 கிராம் எடையுள்ள வட்டத் தகடு, கவருக்குள் ‘டொக்’கென்று விழும் ஒவ்வொரு முறையும் அடி ஓரத்தின் நடுப்பகுதியை வெட்டுகிறது. வட்டம் நேர்க்கோட்டைத் தொடும் புள்ளி அதுதானே. பிளவு எப்போதும் நடுவில் தொடங்குவது அதனால்தான்.

ஆகவே என் பதில் ஒன்றுதான்: தட்டைக் கவருக்குள் வைக்காதீர்கள். தட்டைப் புதிய எச்.டி.பி.ஈ. (அடர் பாலிதீன்) உள்ளுறையில் போட்டு, காலிக் கவருக்குப் பின்னால் நிறுத்தி, இரண்டையும் சேர்த்து ஒரே வெளியுறையில் போடுங்கள். பாட்டு வரிகள் அச்சிட்ட பழைய தாள் உள்ளுறை இருந்தால் அது கவருக்குள்ளேயே தட்டையாகக் கிடக்கட்டும். அதற்குள் தட்டைப் போட்டு, அதன்மேல் இன்னொரு உறையும் போட்டுக் கவருக்குள் திணித்தால் தடித்துப்போய் ஓரம் இன்னும் சீக்கிரம் பிளக்கும்.

வெளியுறையின் வாய் மேலே, உள்ளுறையின் வாய் பக்கவாட்டில். இரண்டும் ஒரே திசையைப் பார்க்கக்கூடாது. மேலிருந்து விழும் தூசி தட்டுக்குப் போகாது, எடுக்கும்போது தட்டு நழுவியும் வராது.

நெருக்கம் எவ்வளவு? பக்கத்தில் இருப்பவை கூடவே கிளம்பி வராமல், நடுவில் உள்ள ஒன்றை இரண்டு விரலால் உருவ முடிய வேண்டும். ரொம்பத் தளர்ந்தால் சாய்ந்து நின்று தட்டு வளையும், கவரின் கீழ்மூலை மடங்கும். 15 முதல் 20 செ.மீ.க்கு ஒரு தடுப்பு வைத்தால் வரிசை பாதி காலியாக இருந்தாலும் நேராக நிற்கும். கவர் உயரத்தில் பாதிக்குமேல் தடுப்பு உயரமாக இருக்கட்டும். புத்தகங்களுக்கு வைக்கும் சின்ன எல் வடிவத் தகடு வேண்டாம், அதன் மேல்விளிம்பு அட்டையில் கோடு போட்டுவிடும்.

வெளிநாட்டு மறுபதிப்புகள் வாங்கினால் சுற்றியிருக்கும் சுருங்குத்தாளை உடனே கழற்றுங்கள். அது காலப்போக்கில் மேலும் சுருங்கி அட்டை மூலைகளை உள்ளே இழுக்கும். அதில் ஒட்டியுள்ள ஸ்டிக்கர் வேண்டுமென்றால் வெட்டியெடுத்து வெளியுறையில் ஒட்டிக்கொள்ளலாம்.

---

பாரிமுனை75

பிளாஸ்டிக் பற்றி நான் சொல்கிறேன். ஒட்டிக்கொண்டு பிசுபிசுக்கிறது என்றீர்களே, அது பி.வி.சி. அதை வளையவைக்கச் சேர்த்த பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய்த்தன்மையுள்ள பொருள் மெல்ல வெளியே வந்து அச்சு மையில் இறங்குகிறது. வெக்கையில் இது இன்னும் வேகமாக நடக்கும். அந்த உறைக்குள் தட்டும் நேராகப் பட்டுக்கொண்டிருந்தால் தட்டின்மேல் பால் படிந்தாற்போல் மங்கல் வரும், கழுவினாலும் போகாது. பார்க்கக் கெட்டியாக, பளபளவென்று இருக்கிறதே என்று ஒன்றைக்கூட விட்டுவைக்காதீர்கள். எல்லாவற்றையும் கழற்றுங்கள்.

கழற்றும் விதம் முக்கியம். வெடுக்கென்று இழுத்தால் படம் உறையோடு போய்விடும். உறையின் மூன்று ஓரத்தையும் கத்தரிக்கோலால் வெட்டித் திறந்து, பிளாஸ்டிக்கைப் பின்பக்கமாக மடக்கி, கவரை ஒட்டினாற்போல் கிடையாக மெதுவாக உரியுங்கள். மேலே தூக்கி இழுக்கக்கூடாது. வராத இடத்தில் நிறுத்திவிட்டு எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

எது பி.வி.சி. என்று சந்தேகம் வந்தால் ஒரு சின்னத் துண்டை வெட்டித் தண்ணீரில் அமுக்கி விடுங்கள். பாலிதீனும் பாலிபுரொப்பிலீனும் மிதக்கும். பி.வி.சி. மூழ்கும். மழைக்கோட்டு வாடை அடித்தால் சோதனையே தேவையில்லை.

வாங்க வேண்டியது பாலிபுரொப்பிலீன் அல்லது பாலிதீன். முதலாவது கண்ணாடி மாதிரி தெளிவு, ஆனால் சரசரக்கும், ஓரத்தில் சீக்கிரம் பிளக்கும். பாலிதீன் கொஞ்சம் மங்கல், ஆனால் மெத்தென்று இருக்கும், அடிக்கடி எடுக்கிற தட்டுக்கு இதுதான் ஏற்றது. இசைத்தட்டு உறை என்று தனியாகக் கேட்டால் விலை ஏறும். பாரிமுனைப் பக்கம் பேக்கிங் கவர் மொத்தமாக விற்கிற கடைகளில் அளவு சொல்லிக் கேளுங்கள். அங்கே தடிமனை கேஜ் கணக்கில்தான் சொல்வார்கள். 100 கேஜ் என்றால் ஏறக்குறைய 25 மைக்ரான். உங்களுக்கு வேண்டியது 200 முதல் 300 கேஜ், அதாவது 50 முதல் 75 மைக்ரான். அதற்குக் கீழே போனால் மூலை மடங்கும். 400 கேஜ் போட்டால் வரிசை முழுக்க இறுக்கமாகிவிடும்.

எல்.பி.க்கு 12¾ அங்குலச் சதுரம், அதாவது 32.4 செ.மீ. கடையில் 13 அங்குலம்தான் கிடைக்கும் என்றால் அதையே வாங்கலாம். இரட்டைத் தட்டு மடிப்புக் கவருக்கு 13¼க்குக் குறையாமல் பாருங்கள். ஈ.பி.க்கு 7½ அங்குலம்.

இன்னொன்று. மேலே மடக்கி ஒட்டும் பசைவாய் உள்ள வெளியுறை வேண்டவே வேண்டாம். கவரை உருவும்போது அந்தப் பசை முன்னட்டையில் பட்டுவிட்டால், லேமினேஷன் இல்லாத பழைய அச்சு அப்படியே உரிந்து வரும். வேறு கிடைக்கவில்லை என்றால் வாங்கி அந்தப் பட்டையை வெட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

---

நெய்தல்

சுழல்மேடை சார் சொன்ன முறையில் ஒரு குறை உண்டு. தட்டு இப்போது கவருக்குப் பின்னால் நிற்கிறது. வரிசை இறுக்கமாக இருந்தால் அதே மேடு பின்னட்டையை வெளியிலிருந்து அழுத்தும். நம்மூர் அச்சுகளில் பலவற்றின் அட்டை மெல்லியது, உள்ளே தட்டு இல்லாவிட்டால் தொய்ந்துவிடும். அப்படிப்பட்ட கவர்களுக்குள் அமிலமற்ற 300 ஜி.எஸ்.எம். அட்டையை 30.5 செ.மீ. சதுரமாக வெட்டிச் செருகுங்கள். எல்லாவற்றுக்கும் வேண்டாம், இடம் அடைக்கும். மெல்லியவற்றுக்கு மட்டும்.

ஈரப்பதத்துக்கு வருகிறேன். காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்துக்குமேல் தொடர்ந்து நின்றால் காகிதத்தில் பூஞ்சை பிடிக்கும். 45 முதல் 50 இருந்தால் அருமை, சென்னையில் கடற்கரைப் பக்கம் அது நடக்காது. 60ஐ ஒட்டி வைத்திருந்தாலே போதும். சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்று வாங்கி பீரோவுக்குள்ளேயே வையுங்கள். அறையில் மாட்டினால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது.

பீரோவைத் தூக்கிப் போட வேண்டாம். கரையான் ஏறாது, புது பிளைவுட்டின் பசை நெடியும் இல்லை. குறை என்னவென்றால் காற்று ஓடாது. இரவில் ஏ.சி., பகலில் ஜன்னல் திறப்பு என்று மாறி மாறி நடக்கும் அறையில், குளிர்ந்த இரும்பின்மேல் ஈரக்காற்று பட்டு நீர் கோக்கும். கவர்கள் பின்தகட்டைத் தொடாமல் 3 செ.மீ. விட்டு வையுங்கள். பீரோவும் சுவரிலிருந்து 5 செ.மீ. தள்ளி நிற்கட்டும், குளியலறைச் சுவரை ஒட்டி வேண்டாம். மழை இல்லாத நாளில் மதிய வேளையில் கதவைத் திறந்து வைத்தாலே பாதி வாடை போகும்.

சிலிக்கா ஜெல் வைக்கலாம், நிறம் மாறும் வகையாக. கதவிடுக்கு உள்ள பீரோவில் சீக்கிரமே நிரம்பிவிடும். நிறம் மாறியதும் ஓவனில் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் காயவைத்துத் திரும்ப வையுங்கள். காயவைக்கும் எண்ணம் இல்லையென்றால் வாங்குவதில் பயனில்லை. ஈரத்தை உறிஞ்சித் தண்ணீராகத் தேங்கும் கால்சியம் குளோரைடு டப்பாக்களை இசைத்தட்டுகள் இருக்கும் அடுக்கில் வைக்கவே கூடாது. ஒன்று கவிழ்ந்தால் அந்த வரிசை முழுவதும் போச்சு.

அந்துருண்டை வேண்டாம். அதன் ஆவி பிளாஸ்டிக்குக்கு நல்லதல்ல, வாடையும் அட்டையை விட்டுப் போகாது. ராமபாணப் பூச்சி வருவது கவரை ஒட்டிய பசைக்காக, அதை வாழவைப்பது ஈரம். ஈரத்தைக் குறைத்து, பீரோ மூலைகளில் ஒட்டுப்பொறி அட்டை வைத்தால் அடங்கும். வேப்பிலை போடச் சொல்வார்கள். பச்சை இலை ஈரத்தைக் கொண்டுவரும், காய்ந்தது நொறுங்கித் தூளாகும்.

வெளியுறையின் வாயை நாடா போட்டு மூடாதீர்கள். மழைக்காலத்தில் மூடினால் உள்ளே மாட்டிய ஈரத்தில் அங்கேயே பூஞ்சை பூக்கும்.

தரைத்தள வீடா? அப்படியென்றால் கீழ்த்தட்டைக் காலியாக விடுங்கள். 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களைப் பார்த்த ஊர் இது. அதற்காகப் பரணிலும் ஏற்றாதீர்கள். மொட்டைமாடித் தளத்துக்குக் கீழே சித்திரை வெயிலில் தட்டே வளைந்துவிடும்.

---

கோவை_பைண்டர்

கிழிந்த ஓரத்துக்கு செல்லோடேப் போடாதீங்க. கொஞ்ச வருஷத்துல பசை மஞ்சளாகி ஓரத்துல வழிஞ்சு பக்கத்துக் கவரையும் பிடிச்சுக்கும். ஏற்கெனவே போட்டிருந்தா, உரிக்காம அப்படியே விட்டுடுங்க. வெளியுறை போட்டுட்டா பக்கத்துல ஒட்டாது.

சரியான முறை இது. ஜப்பானியத் தாள்னு ஓவியப் பொருள் கடைகள்ல மெல்லிசா கிடைக்கும். கத்திரியால வெட்டாம, தண்ணி தொட்ட தூரிகையால கோடு போட்டு, அந்தக் கோட்டுல கையால கிழிச்சு எடுங்க. நார் நீட்டிக்கிட்டு இருக்கும் ஓரம்தான் நல்லாப் பிடிக்கும், மேடும் தெரியாது. 15 மி.மீ. அகலம், பிளவை விட இரண்டு பக்கமும் 1 செ.மீ. கூடுதல் நீளம். பசைக்கு மெத்தில் செல்லுலோஸ், இல்லேன்னா அமிலமற்ற பி.வி.ஏ. (வெள்ளைப் பசை). மைதாப் பசை வேண்டாம், பூச்சிக்கு விருந்து வைச்ச மாதிரி ஆகிடும்.

ஒட்டுறது கவரோட உள்பக்கம். உள்ளே ஒரு பாலிஎஸ்டர் தாளை விட்டுக்கோங்க, இல்லேன்னா முன்னட்டையும் பின்னட்டையும் ஒட்டிக்கும். பசை லேசாத்தான் இருக்கணும், அட்டை ஊறக்கூடாது. ஒட்டின பிறகு மேலேயும் கீழேயும் ஒட்டாத தாள் வைச்சு, சமமான பலகை போட்டு, இரண்டு மூணு கனமான புத்தகம் ஏத்தி ராத்திரி முழுக்க விட்டுடுங்க.

பூஞ்சை இருக்கிற கவரை முதல்ல தனியா எடுத்து வையுங்க. நல்லாக் காஞ்ச பிறகுதான் தொடணும். ஈரமா இருக்கும்போது துடைச்சா படத்துக்குள்ள தேய்ச்சு விட்ட மாதிரி. வெளியே நிழல்ல, என்95 முகக்கவசம் போட்டுக்கிட்டு, மென்மையான தூரிகையால ஒரே திசையில தட்டி விடுங்க. அட்டைக்குள்ள இறங்கின பழுப்புப் புள்ளி போகாது, அதுக்கு பிளீச் கிளீச்சுனு எதையும் முயற்சி பண்ணாதீங்க. லேமினேஷன் உள்ள கவரை மட்டும் நல்லாப் பிழிஞ்ச துணியால துடைக்கலாம். லேமினேஷன் ஓரத்துல எழும்பியிருந்தா அதுவும் கூடாது, ஈரம் அடியில போயிடும்.

---

மயிலைவாசி

எல்லோருக்கும் நன்றி. வீடு இரண்டாவது மாடி, வெள்ளப் பயம் இல்லை. இரண்டு சந்தேகம். ஈ.பி.க்களை நிமிர்த்தினால் பீரோவில் இடம் போதாது, அவற்றுக்கு மட்டும் தனி அலமாரி செய்தால் அளவு என்ன? 850 கவருக்கும் ஒரேயடியாக உறை மாற்ற முடியாது, எதிலிருந்து ஆரம்பிப்பது?

---

சுழல்மேடை

ஈ.பி.க்குத் தனி அலமாரி வேண்டாம், இழுப்பறை மாதிரி பெட்டிகள் போதும். உள்ளகலம் 20 செ.மீ., பக்கச் சுவர் உயரம் 14 செ.மீ., நீளம் 35 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. அதற்குமேல் நீண்டால் தூக்கும்போது கனத்து, ஆட்டத்தில் கவர்கள் உரசும். கவர் பெட்டிக்குமேல் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் விரலால் புரட்டித் தேட வசதி, மேலிருந்து பிடித்து இழுக்கவும் வேண்டாம். 12 மி.மீ. பிளைவுட் தாராளம். செய்ததும் உடனே தட்டுகளை வைக்காமல், நெடி அடங்கும்வரை சில வாரம் திறந்து போட்டுவையுங்கள். ஈ.பி.யிலும் தட்டு கவருக்குப் பின்னால்தான்.

பிறகு எப்போதாவது எல்.பி.க்கும் அலமாரி செய்தால் உள்ளுயரம் 35, ஆழம் 33 செ.மீ., 33 செ.மீ.க்கு ஒரு செங்குத்துப் பலகை, 18 மி.மீ. பிளைவுட். ஓர் அடி நீளத்துக்கு 16 கிலோவாவது எடை வரும். நடுவில் தாங்கல் இல்லாத நீளப் பலகை வளைந்துவிடும்.

உறை மாற்றும் வரிசை: பி.வி.சி. உறை போட்டவை முதலில், அவை நாளுக்கு நாள் கெட்டுக்கொண்டிருக்கின்றன. அடுத்து, பூஞ்சை உள்ளவற்றைப் பிரிப்பது. மூன்றாவது, ஓரம் இன்னும் பிளக்காத மெல்லிய கவர்கள். ஏற்கெனவே பிளந்தவை கடைசியில் வரட்டும், ஆனால் அவற்றுக்குள் இருக்கும் தட்டை இன்றைக்கே வெளியே எடுத்து உள்ளுறையோடு பின்னால் நிறுத்திவிடுங்கள், வெளியுறை வந்து சேரும்வரை பொறுக்க வேண்டாம்.

---

பாரிமுனை75

உறை வாங்கப் போகும்போது ஒரு எல்.பி. கவரையும், இருப்பதிலேயே தடித்த ஒரு மடிப்புக் கவரையும் கையோடு கொண்டுபோங்க சார். ‘13 இஞ்ச்’ என்பார்கள், அது பக்க ஒட்டையும் சேர்த்த வெளி அளவாக இருக்கும். தட்டையும் பின்னால் வைத்து உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் கட்டு வாங்குங்கள்.