கோயில் நடை சாத்தின நேரத்திலும் கடையில் உட்காரக் கூடாதா?

தங்கச்சிமடத்துப் பொண்ணு:
ராமேஸ்வரத்தில் கோயில் பக்கம் ஒரு சங்கு, பாசிமணிக் கடையில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். காலை 8 மணிக்குப் போனால் இரவு 9 ஆகிவிடும். சாப்பாட்டுக்கு 20 நிமிடம், அதுவும் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் நின்றபடிதான். மதியம் 1 மணிக்கு நடை சாத்தினால் 3 மணி வரை தெருவில் ஆள் நடமாட்டமே இருக்காது. அப்போதும் உட்கார விடமாட்டார்கள், காலையில் துடைத்த சங்கையே எடுத்து மறுபடி துடைக்கச் சொல்வார்கள். ராத்திரி வீட்டுக்கு வந்து கொலுசைக் கழற்றினால் வீங்கின கணுக்காலில் அதன் தடம் அப்படியே பள்ளமாகப் பதிந்திருக்கிறது. இதற்குச் சட்டம் ஏதாவது இருக்கிறதா? அப்பா விசைப்படகுக்குப் போகிறவர், மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் என் சம்பளத்தில்தான் வீடு ஓடும், அதனால் கேட்கவே பயமாக இருக்கிறது.

மண்டபம் அண்ணன்:
இருக்கிறதும்மா. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. நாலு மணி நேரத்துக்கு மேல் ஒருவரிடம் வேலை வாங்கினால் நடுவில் குறைந்தது ஒரு மணி நேரம் ஓய்வு கொடுத்தாக வேண்டும், அந்த ஓய்வையும் சேர்த்து ஒரு நாளில் கடைக்குள் இருப்பது 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. உன் கணக்கு 13 வருகிறது, அதுவே தப்பு. அப்புறம் 2021ல் அதே சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள்: வேலைக்கு நடுவில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை போட்டிருக்க வேண்டும். நீ சொல்லும் மதிய நேரம் இதற்குள்தான் வரும், யாரும் தயவு பண்ணிக் கொடுக்கிற விஷயம் இல்லை. கேரளாவில் 2018லேயே இதைக் கொண்டுவந்துவிட்டார்கள், ஜவுளிக்கடைப் பெண்கள் போராடித்தான் அது வந்தது.

பாம்பன் அக்கா:
காலை அலட்சியம் பண்ணாதே தங்கச்சி. நண்டு கம்பெனியில் ஈரத் தரையில் வருடக்கணக்கில் நின்றவள் நான், இப்போது கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்திருக்கிறது. சும்மா இருக்கும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கு, படுக்கும்போது காலுக்குத் தலையணை வை.

கீழக்கரை கடைக்காரர்:
நானும் கடை வைத்திருப்பவன், அதனால் சொல்கிறேன். உட்கார்ந்திருக்கிற பிள்ளையைப் பார்த்து எந்த வாடிக்கையாளரும் திரும்பிப் போனதில்லை. போன வருடம் நாலு ஸ்டூல் வாங்கிப் போட்டேன், ஆள் வந்தால் அவர்களாகவே எழுந்துவிடுகிறார்கள், சாயங்காலம் முகம் வாடாமல் பேசுகிறார்கள், எனக்கு அதுதானே வியாபாரம். நீ தனியாகப் போய்க் கேட்காதே. கூட வேலை பார்ப்பவர்களையும் சேர்த்துக்கொண்டு, அமாவாசைக் கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து, "நடை சாத்தியிருக்கும்போது ஒரு மணி நேரம் முறை வைத்துச் சாப்பிட்டுக்கொள்கிறோம், உட்கார ரெண்டு ஸ்டூல் போடுங்கள்" என்று கேளுங்கள். அவருக்கு அதில் ஒரு நட்டமும் கிடையாது.

மண்டபம் அண்ணன்:
அவர் சொல்வது சரி, முதலில் பேசிப் பாருங்கள். மசியவில்லை என்றால் ராமநாதபுரத்தில் தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கிறது, எழுதிக் கொடுக்கலாம். அதுவரை தினமும் எத்தனை மணிக்கு வந்தீர்கள், எத்தனை மணிக்குப் போனீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

தங்கச்சிமடத்துப் பொண்ணு:
எல்லோருக்கும் நன்றி. நாங்கள் மொத்தம் ஐந்து பேர். இரண்டு பேரிடம் இப்போதே போனில் பேசிவிட்டேன், வருகிறோம் என்கிறார்கள். நோட்டு இன்றைக்கே ஆரம்பித்துவிட்டேன்.