முதலில் நான் கேட்டது கறுப்பு ஆல்பத்தைத்தான்

மெட்டாலிகா என்ற மெட்டல் இசைக்குழுவை நான் பின்னாலிருந்து முன்னோக்கிக் கேட்டவன். 1991இல் வெளிவந்த, ரசிகர்கள் ‘கறுப்பு ஆல்பம்’ என்றழைக்கும் தொகுப்புதான் எனக்கு முதலில் வாய்த்தது. அதில் நான் மூழ்கிக் கிடந்த நாட்களில், வேகமும் மூர்க்கமும் மிக்க மெட்டல் வகையான த்ராஷின் ரசிகர், வயதில் மூத்தவர் ஒருவர், “இது த்ராஷே இல்லை தம்பி, இவர்கள் விலைபோன பிறகு செய்தது” என்றார். ‘விலைபோன’ என்ற அந்தச் சொல் வெகுநாள் உறுத்தியது. அவரை மறுத்துப் பேசுவதற்காகவே 1983இன் ‘கில் எம் ஆல்’ தொடங்கி ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

கேட்டு முடித்தபோது அவருடைய ஆதங்கம் புரிந்தது. 1988இன் ‘அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ தொகுப்பில் 9 பாடல்களே ஏறத்தாழ 65 நிமிடம் ஓடுகின்றன. ஒரு ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு, காதில் பதிவதற்குள் தாளம் மாறி, அடுத்தது வந்து மோதுகிறது. அந்த அடர்த்தியிலேயே வளர்ந்தவருக்கு, பாப் ராக் என்ற தயாரிப்பாளர் உருவாக்கிய அடுத்த தொகுப்பான கறுப்பு ஆல்பத்தில் எந்தப் பாடலும் ஏழு நிமிடத்தை எட்டாததும், இரண்டு மூன்று ரிஃப்களிலேயே பாடல் நின்றுவிடுவதும் இழப்பாகத்தான் தெரியும். ஆனால் ‘ஜஸ்டிஸ்’ ஒலிப்பதிவில் காதைத் தீட்டிக்கொண்டாலும் பிடிபடாத பேஸ் கிட்டார், கறுப்பு ஆல்பத்தில் நெஞ்சில் இடிக்கிறது. இதை அவரும் மறுத்ததில்லை.

எனக்குத் தெளிவு பிறந்தது கிட்டார் பழகத் தொடங்கிய பிறகுதான். மெட்டாலிகாவின் பழைய பாடலான ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ஐ, மேலடியே இல்லாமல் முழுக்க டவுன்பிக்கிங்கில், அதாவது தந்தியைக் கீழ்நோக்கி மட்டுமே அடித்து, வாசிக்க முயன்றபோது இரண்டே நிமிடத்தில் முன்கை இறுகிப்போனது. பிறகு கறுப்பு ஆல்பத்தின் ‘சேட் பட் ட்ரூ’ பாடலை ஒரு முழு டோன் இறக்கிய சுருதியில் வாசித்தேன். வேகம் பாதிகூட இல்லை. ஆனால் உள்ளங்கையின் ஓரத்தால் தந்தியை அமுக்கி அடிக்கும் அதே வலக்கைதான் அங்கும் பாடலை நடத்திச் சென்றது. இன்னொரு த்ராஷ் குழுவான ஸ்லேயரும் 29 நிமிடச் சூறாவளியான ‘ரெய்ன் இன் பிளட்’டுக்குப் பிறகு, 1988இன் ‘சவுத் ஆஃப் ஹெவன்’ தொகுப்பில் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்தது. ஆகவே வேகம் தணிவதை நான் துரோகமாக எண்ணவில்லை. ரிஃப் பின்னுக்குப் போய், கிட்டார் வெறும் பின்னணியாகும்போதுதான் எனக்கு மனம் விட்டுப்போகிறது. மெகாடெத் என்ற த்ராஷ் குழுவின் 1999 தொகுப்பான ‘ரிஸ்க்’கைக் கேட்டபோது அதுதான் நேர்ந்தது. முன்பு ‘ரஸ்ட் இன் பீஸ்’ தொகுப்பைச் செய்த கைகளா இவை என்று உண்மையாகவே வருந்தினேன்.

சென்ற முறை அவரைச் சந்தித்தபோது, கறுப்பு ஆல்பத்தின் கடைசிப் பாடலான ‘த ஸ்ட்ரகிள் விதின்’னை இருவரும் சேர்ந்து கேட்டோம். முடிந்ததும் இன்னொரு முறை போடச் சொன்னார். இரண்டாம் முறையும் கேட்டுவிட்டு, “நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் த்ராஷ் இல்லை” என்றார். அதை நானும் ஒப்புக்கொண்டேன். ‘விலைபோன’ என்ற சொல்லை அன்று அவர் எடுக்கவில்லை.